சம்பந்தி மீசை கரைந்த நாள்

தண்ணீரை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்று சென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வராவிட்டால் லாரியில்கூட வராது; வந்தால் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். இது தெரிந்தும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் தேர்ந்தெடுத்த பொழுதுபோக்கு நீர்வண்ண ஓவியம். (எனக்குப் புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நாம் ஆட்டோ பிடித்து ஏறிய பிறகு பின்னாலேயே காலியாக வருமே பஸ், அந்த மாதிரி.)

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. நட்டு, போல்ட்டு, பல்சக்கரம் இவைதான் என் உலகம். கோடு என்றால் நேராக இருக்க வேண்டும், வட்டம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும். இப்படியே வாழ்ந்த மனிதனை ஒரு நாள் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, கரையான்சாவடி ஃபிளாட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாட்டிக்கொண்டது என் மனைவி வசந்தா.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. முதல் வேலையாகச் சமையலறை டப்பாக்களை உயரப்படி வரிசைப்படுத்தினேன். காபித்தூள் டப்பாவும் மிளகாய்த்தூள் டப்பாவும் ஒரே உயரம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை குடித்த காபியைப் பற்றி எழுதி உங்கள் கண்ணில் நீர் வரவழைக்க விருப்பமில்லை.

அன்றே வசந்தா எங்கள் மகள் நித்யாவுக்கு போன் போட்டாள். "உங்கப்பாவுக்கு ஏதாவது வேலை குடுடி. இல்லன்னா நான் வேலைக்குப் போறேன்."

நித்யா கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த வண்ணப் பெட்டி. கூடவே தூரிகைகள், தடித்த தாள்கள். "செல்போன்லயே சொல்லித் தர்றாங்கப்பா. பார்த்துப் பார்த்துப் பண்ணுங்க" என்றாள்.

செல்போனில் ஒருவர் பேசிக்கொண்டே ஒரு ஏரியை வரைந்து முடித்தார். அவர் தூரிகையை லேசாகத் தொட்டால் மேகம் வந்தது. சும்மா ஒரு இழுப்பு இழுத்தால் மறுகரை வந்தது. நட்டு போல்ட்டையே திருத்தமாக வரைந்தவனுக்கு ஏரி எம்மாத்திரம் என்று செம்பரம்பாக்கம் ஏரியில் இறங்கினேன். வானம் கீழே ஒழுகி ஏரியில் கலந்தது. ஏரி மேலே ஏறிக் கரையை விழுங்கியது. வசந்தா எட்டிப் பார்த்து, "என்ன, தேங்காய்ச் சட்னியும் புதினாச் சட்னியும் ஒண்ணா சேர்ந்துடுச்சு?" என்றாள்.

இருந்தாலும் எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். சரமாரியாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. செயலாளர் மட்டும், "சூப்பர் சார், அந்தச் சுறா தத்ரூபம்" என்று எழுதியிருந்தார். (அது படகு.) பாராட்டு என்பது ஒரு போதை. ஓய்வு பெற்றவனுக்கு அது இரண்டு மடங்கு ஏறும்.

எனக்குச் சரிப்படாத ஒரே ஆள் தண்ணீர்தான். நான் ஒரு பக்கம் போகச் சொன்னால் அது வேறு பக்கம் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் கோடுகளை என் சொல்படி நடக்க வைத்தவனுக்கு இது பெரிய அவமானம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நீர்வண்ணத்தில் நீரைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது! அன்றிலிருந்து வண்ணத்தைக் குழாயிலிருந்து பிதுக்கி, தோசை மாவு பதத்தில் அப்படியே தாளில் அப்ப ஆரம்பித்தேன். உருளைக்கட்டை மாதிரி மேகங்கள் உருவாயின. அவை எங்கேயும் ஒழுகவில்லை. வெற்றி என்று நினைத்தேன்.

இந்த நிலையில்தான் சம்பந்தியின் அறுபதாம் கல்யாணம் வந்தது.

சம்பந்தி தணிகாசலம் வெள்ளானூர்க்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிலம் வைத்து விவசாயம் செய்த குடும்பம். இப்போது பக்கத்திலெல்லாம் ஃபிளாட் வந்துவிட்டாலும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலத்தில் கீரையும் வெண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆள் நல்ல உயரம். அவர் வருவதற்கு முன்னால் அவர் மீசை வரும். அப்படி ஒரு மீசை. இரண்டு பக்கமும் முறுக்கி, கன்னத்தைத் தாண்டி நிற்கும். அவர் மகன் சதீஷை நித்யா தானாகவே தேடிக்கொண்டாள். பேச்சுவார்த்தைக்குப் போன அன்று நான் அவரிடம் பேசியதைவிட மீசையிடம் பேசியதுதான் அதிகம். கல்யாணத்துக்குப் பிறகும் எங்களுக்குள் நடந்த உரையாடல் இவ்வளவுதான்: "வாங்க சம்மந்தி." "சாப்டீங்களா?" அதற்கு மேல் அவரும் பேசமாட்டார், எனக்கும் தைரியம் வராது.

அவருக்கு என்ன பரிசு கொடுப்பது?

"எதையும் வாங்காதீங்கப்பா" என்றாள் நித்யா. "வாட்ச் குடுத்தாலும் பட்டுச் சட்டை குடுத்தாலும் மாமா பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாரு. நேரா பீரோவுக்குள்ள போயிடும். நீங்க வந்து சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போங்க, போதும். ப்ளீஸ். அவங்க சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க."

அந்த 'ப்ளீஸ்' என்பதில் ஒரு மகளின் மொத்தக் கவலையும் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது வேறு. பீரோவுக்குள் போகாத பரிசு எது? பீரோவைவிடப் பெரிய பரிசு!

சம்பந்தியின் உருவப்படம். நீர்வண்ணத்தில். என் கையால்.

கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் முகத்தை எடுத்துக்கொண்டேன். ஸ்கேல், காம்பஸ் எல்லாம் பரணிலிருந்து இறங்கின. மூக்குக்கு நடுக்கோடு போட்டேன். மீசையை இடது பக்கம் வரைந்து, ட்ரேசிங் தாளில் பிரதி எடுத்து, திருப்பி வலது பக்கம் வைத்தேன். இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசமில்லை. அதற்கு மட்டும் ஒரு முழுக் குழாய் கறுப்பு செலவாயிற்று. தொட்டால் கையில் மேடாகத் தட்டுப்பட்டது.

வசந்தா இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஜாடை இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ஒட்டியிருப்பாங்களே, அந்த ஜாடை" என்றாள்.

கலை தெரியாதவள் என்று மன்னித்துவிட்டேன்.

கடைவீதியில் கொடுத்துச் சட்டம் போட்டு, கண்ணாடியும் போட்டு வாங்கி வந்தேன். விசேஷத்தன்று காலையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையை எங்கே தோண்டியிருக்கிறார்கள், எங்கே மூடியிருக்கிறார்கள் என்பது அந்தந்த நாள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அன்று புதிதாக ஒன்று தோண்டியிருந்தார்கள். ஆட்டோ இறங்கி ஏறியதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கணம் சீட்டில் இல்லை. திரும்ப உட்கார்ந்தபோது 'மளுக்' என்று ஒரு சத்தம். சம்பந்தியின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கண்ணாடியில் விரிசல்.

"நல்ல காரியத்துக்கு உடைஞ்ச கண்ணாடியோட போறதா? திரும்பலாம்" என்றாள் வசந்தா.

"கண்ணாடி இல்லாம இருந்தாத்தான் ஓவியத்தோட அழகே தெரியும்" என்றேன் நான். வழியில் ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி, கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்றி எடுத்துவிட்டேன்.

வெள்ளானூரில் வீட்டு வாசல் முழுக்க ஷாமியானா, வாழைமரம், நாதஸ்வரம். முன்னால் சின்ன மேடை. மேடைக்குப் பக்கத்தில் பெரிய டிவி. வீடியோக்காரர் எடுப்பது அப்படியே அதில் தெரியும். நித்யா என் கையிலிருந்த பொருளின் அளவைப் பார்த்ததுமே முகம் வெளுத்தாள்.

சம்பந்தி வந்தார். மீசைக்கு மேலிருந்த கண்கள் படத்திலிருந்த கண்களைப் பார்த்தன. இரண்டு தணிகாசலங்களும் முறைத்துக்கொண்டார்கள்.

"ம்" என்றார். பிறகு, "அங்க ஒரு சேர்ல வைங்க. சாப்டீங்களா?"

வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில் வைத்தேன். பூக்காரர் கூடையை இறக்கும்போது, கீழே வைக்கக் கூடாதென்று ஒரு ரோஜா மாலையை அந்த நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டுப் போனார். அது பாதி சட்டத்தின் மேல் விழுந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் ஆவடியிலிருந்து வந்த சம்பந்தியின் பழைய சிநேகிதர். ஷாமியானா, வரிசையாக நாற்காலிகள், வாசலில் மாலை போட்ட படம். வாழைமரம் அவர் கண்ணில் படவே இல்லை; நாதஸ்வரக்காரர்களும் அப்போது காபி குடிக்கப் போயிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: "நல்லாத்தானே இருந்தாரு? எப்போ எடுக்கறாங்க?"

"பத்தரைக்கு முகூர்த்தம்" என்றேன் நான், கேள்வி புரியாமல்.

அதே நேரம் சம்பந்தியம்மா தட்டில் சந்தனத்துடன் வெளியே வந்தார். அழுகிற மனிதரையும், மாலையையும், படத்தையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

"அப்பா, அத எடுங்க!" என்று நித்யா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆவடிக்காரரை, உயிரோடிருக்கும் சம்பந்தியிடம் கூட்டிக்கொண்டு ஓடினான் மாப்பிள்ளை சதீஷ். நான் மாலையை உருவி எறிந்துவிட்டு, படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் மேடைப் பக்கம் ஓடினேன்.

"சார், அப்டியே அவங்களுக்குப் பின்னாடி வைங்க. வீடியோவுல சூப்பரா விழும்" என்றார் வீடியோக்காரர். எனக்கு ஆதரவாக அன்று பேசிய ஒரே ஜீவன். மணையில் உட்காரப் போகும் தம்பதிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

அறுபதாம் கல்யாணத்தில் தம்பதிக்குக் கலசத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தண்ணீர் பட்டால் என் படம் என்ன ஆகும் என்றும் தெரியும். இரண்டும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து யோசிக்கத்தான் வரவில்லை.

தம்பதியை உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக மஞ்சள் கலந்த தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் பூப்போல ஊற்றினார்கள். ஒன்றிரண்டு துளிகள் பின்னால் தெறித்தன. டிவியில் பார்த்தேன். படத்தில் சம்பந்தியின் காது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்தேன். வசந்தா என் துண்டைப் பிடித்து உட்கார வைத்தாள். "மறுபடியும் எதுக்கு எழுந்திருக்கிறீங்க? இன்னும் யாரை அழ வைக்கணும்?"

அப்போதுதான் தெய்வானை அக்கா மேடையேறினார். சம்பந்தியின் மூத்த சகோதரி. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் பாசத்தில் குறை வைக்காதவர். சொம்பெல்லாம் வேண்டாமென்று ஒரு குடத்தையே தூக்கிக்கொண்டார். தம்பி தலையில் ஊற்றினார். தம்பி பெண்டாட்டி தலையில் ஊற்றினார். நிமிர்ந்தவர் கண்ணுக்கு, பின்னால் மூன்றாவதாக ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது.

"இவன் யாருடா, நனையாம குந்திகினு கீறான்?" என்று கேட்டுவிட்டு, மீதிக் குடத்தை அவன் தலையில் கவிழ்த்தார்.

முதலில் புருவம் போயிற்று. அடுத்து மீசை. ஒரு குழாய்க் கறுப்பு அல்லவா? இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், மயிரிழை வித்தியாசமில்லாமல், கன்னம் வழியாகத் தாடைக்கு இறங்கி, சட்டைக்குள் புகுந்து, சட்டத்தின் கீழ்விளிம்பில் சொட்ட ஆரம்பித்தது. வீடியோக்காரர் கடமை தவறாதவர். அதை அப்படியே கிட்டே போய் எடுத்தார். டிவி முழுக்க மீசை ஓடியது.

"மீச போவுது! மீச போவுது!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். நாதஸ்வரம் பாதியில் விக்கி நின்றது.

வசந்தாவின் பிடியை உதறிக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தேன். என் புதுத் துண்டால் படத்தை ஒற்றினேன். (நீர்வண்ணத்தில் ஈரத்தைத் துடைக்கக் கூடாது என்று செல்போன்காரர் அத்தனை தடவை சொல்லியிருந்தார்.) கறுப்பு இரண்டு காதுகளுக்கும் பரவியது. பயத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். பிறகு மஞ்சள் தண்ணீரில் கால் வழுக்கி, தம்பதிக்குப் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தேன். அறுபதாம் கல்யாணத்துக்கு மணையில் மூன்று பேர் உட்கார்ந்தது வெள்ளானூரில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

நித்யா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாக எப்போதும் இருந்ததில்லை. என் வீட்டில் நான் கேலிப் பொருளாக இருக்கலாம். அவள் வாழ வந்த வீட்டில் அவள் அப்பா இப்படி நனைந்து கிடக்கலாமா?

சம்பந்தி சொட்டச் சொட்டத் திரும்பினார். மடியில் கறுப்புத் துண்டோடு கிடந்த என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எழுந்து போய் இன்னும் கிட்டே நின்று பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தம் கேட்டது. ஏதோ மோட்டார் ஓடத் தொடங்குகிற மாதிரி. கண்ணைத் திறந்தால் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் பல்லை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். நல்ல வரிசையான பல்.

"சம்மந்தி," என்றார், சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கி. "காலைல நீங்க கொண்டாந்த படத்தப் பாத்து எனக்கே பயமா இருந்திச்சு. 'இன்னாடா இது, இந்த ஆளு கூட ஊட்ல எல்லாரும் எப்டிக் குடித்தனம் பண்றாங்க'ன்னு நெனச்சேன். இப்போ பாருங்க. கொஞ்சம் நல்லவன் மாரி கீறேன்."

சம்பந்தியம்மாவும் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "மெய்தான்" என்றார். "கட்டிக்கினு வந்த புதுசுல இப்டித்தான் இருந்தாரு."

அதற்கப்புறம் நித்யா சிரித்தாள் பாருங்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சிரிப்பு. அதோடு கூட்டமே உடைந்தது. ஆவடிக்காரர் மறுபடியும் அழுதார், இந்தத் தடவை சிரித்து.

நானும் அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். தடிமனெல்லாம் கரைந்து போய், தாளின் வெள்ளை உள்ளேயிருந்து தெரிந்தது. மஞ்சள் தண்ணீர் கன்னத்தில் பரவி, உயிருள்ள தோல் மாதிரி ஒரு நிறம் கொடுத்திருந்தது. கண்கள் எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாமல் லேசாகச் சிரித்தன. இத்தனை மாதம் மல்லுக்கட்டியும் எனக்கு வராத ஒன்றை தெய்வானை அக்கா ஒரு குடத்தில் வரவழைத்துவிட்டார்.

பந்தியில் சம்பந்தி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "சாப்டீங்களா" என்று கேட்காமல், இலையில் என்ன இருக்கிறதென்று பார்த்து அவரே வடை போட்டார். பாயசம் வரும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொட்டில பெயின்டு இன்னும் கீதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே பைக்கில் கரையான்சாவடிக்கு வந்துவிட்டார். அவர் வரைந்த முதல் படம் என் முகம். எனக்கு மீசை கிடையாது. படத்தில் பெரியதாக ஒன்று வைத்திருந்தார்.

"எனக்கு ஏது சம்மந்தி இது?"

"ஒண்ண நீங்க எடுத்துக்கினீங்க. ஒண்ண நான் குடுத்தேன். கணக்கு சரியாப் பூடுச்சு."

கரைந்த படம் இப்போது வெள்ளானூர் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் சம்பந்தியே முதலிலிருந்து கதை சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகிறேன். போன தடவை கேட்டபோது வாசல் வரைக்கும் போய்விட்டேன். தெய்வானை அக்கா ஒருவழியாகக் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். கட்டுப் பிரித்து வந்த அன்று படத்தைப் பார்த்து, "இத்த எந்தப் படுபாவிடா இப்டி நாசம் பண்ணான்?" என்று கேட்டாராம்.

நானும் இப்போது தண்ணீரைத் தாராளமாகவே விடுகிறேன். மேகங்கள் உருளைக்கட்டையாக வருவதில்லை. செயலாளர்கூடச் சென்ற வாரம் படகைப் படகு என்றே சொன்னார்.

ஆனால் இரண்டு குடும்பத்துச் சொந்தத்திலும் எங்களை விசேஷத்துக்கு அழைக்க யார் வந்தாலும், தட்டை நீட்டிவிட்டு ஒரே வசனம்தான் சொல்கிறார்கள்: "குடும்பத்தோட வாங்க. படத்தோட வராதீங்க." நித்யாதான் அதற்கு முதலில் சிரிப்பாள்.

போன மாதம் ஆவடியில் புது வீடு கட்டிய சொந்தக்காரர்கள் வந்தார்கள். தட்டைக் கொடுத்து, வழக்கமான வசனத்தையும் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் கொஞ்சம் நெளிந்தார்கள்.

"ஹால் செவுரு ஒண்ணு வெறுமனா கீது. நீங்களும் சம்மந்தியும் சேந்து எதுனா ஒண்ணு வரைஞ்சி குடுத்தீங்கன்னா..."

வரைந்துகொண்டிருக்கிறோம். ஏரி, அதில் ஒரு படகு. வானத்தை யார் போடுவது என்பதில் மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை.